வியாபாரத்துக்கு ஓர் ஒத்திகை

சட்டக் கலாசாலைகளில் மாதிரி நீதிமன்றம் என்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒரு வழக்கைக் கற்பனையாகப் புனைந்து, வாதியின் பக்கம் ஒரு மாணவரும் பிரதிவாதியின் பக்கம் ஒரு மாணவருமாக நின்று வாதாட, சில வேளைகளில் உண்மையான நீதிபதிகளே ஆசனத்தில் அமர்ந்து, இடைமறித்துக் கேள்விகள் கேட்டு அவர்களைத் திணற அடித்து, கடைசியில் யாருடைய வாதம் வலிது என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அந்தத் தீர்ப்பினால் ஒருவரும் சிறை புகுவதில்லை. ஒருவருடைய சொத்தும் பறிபோவதில்லை. சட்டம் படிக்கிறவர்களுக்கு வாய்த்திருக்கும் இந்தச் சௌகரியம் வியாபாரம் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துத் தலைநகராகிய ஆஸ்டினில் உள்ள சர்வகலாசாலையில் நிர்வாகப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவர் சிலர் 1984ஆம் ஆண்டில் எண்ணினார்கள். அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான், இன்று உலகத்துச் சர்வகலாசாலைகளில் ஆண்டுதோறும் நடந்துவரும் வியாபாரத் திட்டப் போட்டிகளின் மூத்த தலைமுறையைச் சேர்ந்த 'மூட் கார்ப்' என்னும் போட்டி. பெயரும் அந்த மாதிரி நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரை ஒட்டி வைத்ததே. வழக்கறிஞர் நின்ற இடத்தில் வருங்கால வியாபாரி. நீதிபதி இருந்த இடத்தில் பணம் போடும் முதலாளி.

சரித்திரத்துக்கு நையாண்டி பிடிக்கும் போலும். அதே 1984ஆம் ஆண்டில், அதே சர்வகலாசாலையில், டாக்டராக வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்பட்டு அனுப்பிவைத்த மைக்கேல் டெல் என்ற முதலாண்டு மாணவர், டோபி விடுதியின் 2713ஆம் எண் அறையில் கம்ப்யூட்டர்களைப் பிரித்தும் பூட்டியும் விற்றுக்கொண்டிருந்தார். ஆயிரம் டாலர் மூலதனத்தோடு கம்பெனியைப் பதிவு செய்துகொண்டு, அந்த ஆண்டே படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார். அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. எந்த நடுவரிடமும் தம் திட்டத்தை விண்ணப்பித்துக்கொள்ளவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு, போட்டி நடத்தினவர்களைக் கண்டு நகைக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த நகைப்பில் நியாயம் பாதிதான் உண்டு. டெல் செய்த வியாபாரம், வாங்குகிறவரே முன்வந்து விலையைக் கொடுத்துவிடுகிற வியாபாரம். சரக்கைக் குவித்து வைக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே பிறர் பணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டிய அவசியமும் தொடக்கத்தில் இல்லை. பல ஆண்டு ஆராய்ச்சியும் பல லட்சம் டாலர் செலவும் கண்ட பிறகே முதல் காசு கைக்கு வரக்கூடிய ஒரு மருந்தையோ கருவியையோ மனத்தில் சுமந்து திரிகிறவர், விடுதி அறையில் உட்கார்ந்து அதைச் சாதித்துவிட முடியாது. அவர் யாரையாவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும்; பார்த்துப் பேசித்தான் ஆக வேண்டும்.

அப்படிப் போய்ப் பார்ப்பதற்கென்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டதே அமெரிக்காவிலும் அண்மைக் காலத்துச் செய்திதான். உலகில் எங்கும் வியாபாரம் என்பது தகப்பனார் கடையில் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது. மூலதனம் என்பது உறவினரிடமிருந்தும் சாதியாரிடமிருந்தும் வருவது. முன்பின் அறியாத ஒருவருடைய யோசனையை மட்டும் நம்பி, அடகு ஒன்றும் கேளாமல், லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு கொள்வதாகச் சொல்லிப் பணம் கொடுக்கும் வழக்கத்தை ஒரு முறைமையாக்கிய பெருமை, பிரான்ஸில் பிறந்து ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையில் பேராசிரியராக விளங்கிய ஜார்ஜ் டோரியோவைச் சேரும். இரண்டாவது மகா யுத்தம் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் அவரும் நண்பர்களும் பாஸ்டனில் தொடங்கிய ஏ.ஆர்.டி. என்ற கம்பெனி, 1957இல் கென் ஓல்ஸன், ஹார்லன் ஆண்டர்ஸன் என்ற இரண்டு பொறியியலாளருக்கு 70,000 டாலர் கொடுத்தது. அதை வாங்குவதற்காக அவர்கள் எழுதிய திட்டத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற வார்த்தையையே தவிர்க்குமாறு முன்கூட்டியே அவர்களுக்கு ஆலோசனை சொல்லப்பட்டதாம். பெரிய பெரிய கம்பெனிகளே அந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. செய்ய உத்தேசித்ததோ கம்ப்யூட்டர். எழுதிக் கொடுத்ததோ மின்னணுச் சுற்றுப் பலகைகள் விற்கும் திட்டம். அந்த 70,000 டாலர் பிற்பாடு பல நூறு மடங்காகப் பெருகிற்று. வியாபாரத் திட்டம் என்கிற இலக்கிய வகையில், கேட்கிறவருடைய மனோபாவத்தை அறிந்து எழுதுவதுதான் முதல் இலக்கணம் என்பது அன்றைக்கே நிர்ணயமாகிவிட்டது என்று சொல்லலாம்.

ஹார்வர்டில் புதுத் தொழில் தொடங்குவதைப் பற்றி ஒரு பாடத்தை மைல்ஸ் மேஸ் என்ற ஆசிரியர் 1947இல் தொடங்கியபோது 188 மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள். ஆயினும் அந்த விதை முளைத்துத் தழைக்க வெகுகாலம் ஆயிற்று. 1970இல் அமெரிக்கா முழுவதிலும் இத்தகைய பாடம் நடத்திய கலாசாலைகள் 16 மட்டுமே. 1995க்குள் அவை 400ஐத் தாண்டிவிட்டன. இடையில் நிகழ்ந்தவை என்ன என்று பார்த்தால், போட்டிகள் ஏன் 1980களில் தோன்றின, ஏன் அதற்கு முன் தோன்றவில்லை என்பது விளங்கும். தொழிலாளரின் ஓய்வூதிய நிதிகளைப் பராமரிக்கிறவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் புதுத் தொழில்களில் போடுவது குற்றமாகாது என்று அமெரிக்க அரசாங்கம் 1979இல் தெளிவுபடுத்தியது. அதுவரை சிற்றோடையாக ஓடிய துணிகர மூலதனம் அதன்பின் பெருவெள்ளமாயிற்று. அடுத்த ஆண்டே, மத்திய அரசாங்கத்தின் பொருளுதவியால் சர்வகலாசாலைகளில் நடக்கும் ஆராய்ச்சியின் கண்டுபிடிப்புகளுக்கு அந்தந்தச் சர்வகலாசாலையே உரிமை கொண்டாடலாம் என்று பை-டோல் சட்டம் பிறந்தது. ஒரு பக்கம் இடம் தேடி அலையும் பணம். இன்னொரு பக்கம் பரண்மேல் தூங்கும் கண்டுபிடிப்புகள். இவ்விரண்டுக்கும் நடுவே தூது போகத் துடிக்கும் இளைஞர் கூட்டம்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையின் மாணவராக இருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த மற்ற எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கும் தொல்லையைக் கண்டு மனம் சலித்து, நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஆக்கிய 'விஸிகால்க்' என்ற கம்ப்யூட்டர் கணக்கட்டவணை 1979இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் ஐந்து ஆண்டுகளுக்கான வரவு செலவு மதிப்பீட்டைத் தயாரிக்க ஒருவர் பல இரவுகள் கண் விழிக்க வேண்டும். அதற்குப் பின்னோ, விற்பனை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளரும் என்று ஒரு கட்டத்தில் மாற்றினால் போதும், லாபமெல்லாம் தானாகவே வானளாவும். மாணவர்களின் திட்டங்களில் மூன்றாம் ஆண்டிலிருந்து லாபக் கோடு மலையேறுவதைக் கண்டு நடுவர்கள் சலித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டதற்கு, மாணவரின் பேராசையைவிட இந்தக் கருவியின் சுலபமே அதிகக் காரணம்.

ஆஸ்டினுக்குத் திரும்புவோம். அங்கே 1966 முதல் 1982 வரை வியாபாரக் கலாசாலையின் தலைவராக இருந்த ஜார்ஜ் காஸ்மெட்ஸ்கி ஏட்டுக் கல்வியாளர் மாத்திரம் அல்லர். டெலிடைன் என்ற பெருங்கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். தாம் தேடிய செல்வத்தையும் தம் தொடர்புகளையும் அந்த ஊரை ஒரு தொழில்நுட்ப நகரமாக்குவதற்கே செலவிட்டவர். 1977இல் அவர் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையமும், புதுக் கம்பெனிகளை அடைகாத்து வளர்ப்பதற்கென்று 1989இல் எழுந்த நிலையமும் இல்லாதிருந்தால், மாணவர்களின் இந்த மாதிரிச் சபை, கலாசாலை ஆண்டு விழா நாடகத்தைப் போல ஊரோடு நின்றுபோயிருக்கும். அதே 1989இல் பிற அமெரிக்கச் சர்வகலாசாலைகளின் மாணவர்களும் ஆஸ்டினுக்கு அழைக்கப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அயல்நாட்டாரும் வந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் ஆண்டிறுதிப் பெரும்பந்தயத்தின் பெயரையே பத்திரிகைகள் இதற்குச் சூட்டும் அளவுக்குப் புகழ் பரவிற்று. நடைமுறை என்னவோ எளிமையானதுதான்: எழுத்தில் ஒரு திட்டம், மேடையில் கால் மணி நேரம் பேச்சு, அதன் பிறகு கேள்விகள். அந்தக் கேள்வி நேரந்தான் உயிர்நிலை. 'இதை யார் வாங்குவார்?' 'உங்களைவிடப் பெரிய கம்பெனி ஒன்று நாளைக்கே இதைச் செய்தால் என்ன செய்வீர்கள்?' 'உங்களில் யாருக்கு இதற்கு முன் சம்பளம் கொடுத்த அனுபவம் உண்டு?' என்பன போன்ற கேள்விகளுக்கு, அச்சிட்ட ஏடுகளில் பதில் இராது. பேசுகிறவர் தம் தொழிலைப் பற்றி உண்மையில் எவ்வளவு சிந்தித்திருக்கிறார் என்பது அந்தச் சில நிமிஷங்களில் வெளிச்சமாகிவிடும்.

ஆஸ்டினில் வாதம் முதன்மை பெற்றதென்றால், வடகிழக்கே கேம்பிரிட்ஜ் நகரில் எம்.ஐ.டி. என்று சுருக்கமாக வழங்கும் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்க்கை முதன்மை பெற்றது. ஆராய்ச்சிக்கூடங்களில் பொறியியல் மாணவர்கள் ஒரு பக்கமும், ஸ்லோன் என்னும் நிர்வாகக் கலாசாலையின் மாணவர்கள் மறு பக்கமுமாக, ஒரே வளாகத்தில் இரண்டு தனி உலகங்களாக வாழ்ந்துவந்த இடம் அது. பொறியியலாருக்கு ஒரு தொழில்முனைவோர் சங்கம். ஸ்லோனுக்கு வேறொரு சங்கம். இவ்விரண்டும் கைகோத்து 1990இல் ஒரு போட்டியை நடத்தின. முதற்பரிசு பத்தாயிரம் டாலர். போட்டியின் பெயரும் அதுவே. 1996இல் பரிசு ஐம்பதாயிரமானபோது பெயரும் ஐம்பதாயிரமாயிற்று. 2006இல் லட்சமானபோது அதுவும் லட்சமாயிற்று. பரிசுத் தொகையையே பெயராக வைத்துக்கொள்ளும் வெள்ளை மனத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே நடந்த உண்மையான காரியம் இறுதி நாளில் மேடையில் நடந்தது அன்று. அதற்குப் பல மாதங்கள் முன்பு, கையில் கண்டுபிடிப்பு இருந்தும் கணக்குத் தெரியாதவரும், கணக்குத் தெரிந்தும் கண்டுபிடிப்பு இல்லாதவரும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொள்வதற்கென்றே ஏற்படுத்திய விருந்துகளிலும் சந்திப்புகளிலும் நடந்தது.

இதற்கு அகமை என்ற கம்பெனியின் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. உலகளாவிய வலையை ஆக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, எம்.ஐ.டி.க்கு வந்திருந்த காலத்தில், ஒரே வலைப்பக்கத்தை லட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் கேட்டால் வழியெல்லாம் அடைத்துக்கொள்ளும் சங்கடத்தைப் பற்றித் தம் சகாக்களிடம் 1995இல் பிரஸ்தாபித்தார். அங்கே பிரயோக கணிதப் பேராசிரியராக இருந்த டாம் லெய்ட்டனும், இஸ்ரேல் ராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்த டேனியல் லெவினும் இதைக் கணிதப் பிரச்சினையாகவே பாவித்தார்கள். பல சர்வர்களில் செய்திகளைப் பகிர்ந்து வைக்கும்போது, ஒன்று பழுதானாலும் புதிதாக ஒன்று சேர்ந்தாலும் மற்றவற்றில் இருப்பது பெரும்பாலும் இடம் பெயராமலே இருக்கும்படியான ஒரு யுக்தியைக் கூட்டாளிகளோடு கண்டு, 1997இல் வெளியிட்டார்கள். அத்தோடு அது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக நூலகத்தில் அடங்கியிருக்கலாம். லெவினுக்கோ மனைவி மக்கள், மாணவ உதவித் தொகையில் குடும்பம், கடன். அண்டை வீட்டில் குடியிருந்த பிரீதிஷ் நிஜாவன் ஸ்லோனில் படித்துக்கொண்டிருந்தார். போட்டியில் சேர்ந்து பார்க்கலாமே என்று யோசனை சொன்னவர் அவர்தாம். ஜானதன் ஸீலிக் என்ற இன்னொரு ஸ்லோன் மாணவரும் உடன் சேர்ந்தார். ஒரு பேராசிரியரும் ஓர் ஆராய்ச்சி மாணவரும், தாங்கள் கண்ட சூத்திரத்துக்கு விலை என்ன, வாங்குகிறவர் யார், விற்கிறவர் எத்தனை பேர் வேண்டும் என்று முதன்முறையாக உட்கார்ந்து எழுதியது அந்தப் போட்டிக்காகத்தான்.

1998ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை அவர்கள் வந்தார்கள். ஆனால் முதற்பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதைத் தட்டிக்கொண்டு போனது, வலைத்தேடலின் முடிவுகளில் மக்கள் எவற்றை அதிகமாகத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்தும் 'டைரக்ட் ஹிட்' என்ற திட்டம். தோற்றவர்கள் அந்த ஆகஸ்டு மாதத்திலேயே கம்பெனியைப் பதிவு செய்தார்கள். 1999 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்த நாளில், 26 டாலராக நிர்ணயித்த பங்கு 145 டாலரில் போய் நின்றது. வென்றவர்களும் நஷ்டமடைந்துவிடவில்லை, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்க் ஜீவ்ஸ் என்ற கம்பெனி ஏறக்குறைய 50 கோடி டாலர் பெறுமானமுள்ள பங்குகளைக் கொடுத்து அவர்களை வாங்கிக்கொண்டது. சந்தை சரிந்தபோது அந்தப் பங்குகளின் மதிப்பும் சரிந்தது வேறு கதை. நடுவர்கள் தவறிவிட்டார்கள் என்று இன்றைக்குச் சொல்வது எளிது. அன்றைக்கு அவர்கள் முன் இருந்தவை சில பக்கங்களும் சில முகங்களும் மாத்திரமே. 1998ஆம் ஆண்டின் கண்ணைக் கொண்டு பார்த்தால் இரண்டும் சமமாகவே தோன்றியிருக்கக்கூடும். லெவின், 2001 செப்டம்பர் 11இல் நியூயார்க் வர்த்தக மையத்தின் மீது முதலில் மோதிய விமானத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 31. அகமை இன்றும் இணையத்தின் போக்குவரத்தில் பெரும் பங்கைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

இந்தக் கதைகள் காதில் விழுந்த பிறகு எந்தச் சர்வகலாசாலைதான் சும்மா இருக்கும்? ஹார்வர்டு 1997இல் தன் போட்டியைத் தொடங்கியது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் 1998இல் 'யுரேகா' என்ற பெயரில் தொடங்கினார்கள். ஹூஸ்டனில் ரைஸ் சர்வகலாசாலை 2001இல் ஒன்பது குழுக்களையும் பத்தாயிரம் டாலரையும் வைத்துத் தொடங்கிய போட்டி, பிற்காலத்தில் 42 குழுக்களும் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட பரிசுகளும் கொண்ட திருவிழாவாகிவிட்டது. கூத்தும் கூடவே வளர்ந்தது. மின்தூக்கியில் தற்செயலாகச் சந்திக்கும் முதலாளியிடம் மேல்மாடி வருவதற்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று பேச்சுக்குச் சொல்வதுண்டு. வேக் ஃபாரஸ்ட் சர்வகலாசாலையிலோ, மாணவரையும் முதலாளியையும் உண்மையாகவே ஒரு மின்தூக்கியில் ஏற்றி, இருபத்தெட்டு மாடி ஏறுவதற்குள் இரண்டு நிமிஷத்தில் பேசி முடிக்கச் செய்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவில் பெருஞ்செல்வம் ஈட்டிய குருராஜ் தேஷ்பாண்டே, போட்டிக்கு வருவதற்கும் முந்திய நிலையில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் கண்டுபிடிப்புகளுக்குக் கைகொடுப்பதற்கென்று, 2002இல் எம்.ஐ.டி.யில் இரண்டு கோடி டாலர் நன்கொடையில் ஒரு மையம் நிறுவியதையும் இங்கே குறிப்பிடலாம். மேடையைவிட ஆராய்ச்சிக்கூடத்தைத் தேடிப் போன அந்தப் புத்தி எனக்கு மேலானதாகப் படுகிறது.

இவ்வளவு கோலாகலத்துக்கு நடுவில், திட்டம் எழுதுவதனால் தொழில் வளர்கிறதா என்ற கேள்வியைக் கேட்டவர்களும் அதே கலாசாலைகளில்தான் இருந்தார்கள். வேகமாக வளர்ந்துவந்த நூறு கம்பெனிகளின் ஸ்தாபகர்களைக் கண்டு விசாரித்த அமர் பிடே, அவர்களில் நூற்றுக்கு 41 பேர் எவ்விதத் திட்டமும் எழுதவில்லை, 26 பேர் ஏதோ கிறுக்கி வைத்திருந்தார்கள், முறைப்படி முழுத் திட்டம் எழுதினவர்கள் 28 பேர் மட்டுமே என்று 1994இல் வெளியிட்டார். ஹார்வர்டில் இத்துறையின் தலைசிறந்த ஆசிரியராகிய வில்லியம் ஸால்மன், நல்ல திட்டத்தை எழுதுவது எப்படி என்று 1997இல் எழுதிய கட்டுரையிலேயே, வெற்றியை முன்னறிவிக்கும் ஆற்றலில் திட்டத்துக்குப் பத்துக்கு இரண்டுக்கு மேல் மதிப்பெண் கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். பாப்ஸன் கலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் 116 புதுத் தொழில்களை ஆராய்ந்து, திட்டத்தோடு தொடங்கினவற்றுக்கும் திட்டமில்லாமல் தொடங்கினவற்றுக்கும் பின்னாளைய நிலையில் வேற்றுமை காண முடியவில்லை என்று 2007இல் அறிவித்தார்கள். பாப்ஸன் என்பது தொழில்முனைவுக் கல்விக்கே பேர்போன இடம். தன் கடைச் சரக்கைத் தானே சோதித்து உண்மையை மறைக்காமல் சொன்னதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதன் பயனாகப் போட்டிகள் ஒழிந்துபோகவில்லை, பெயர் மாறின. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆஸ்டினின் மூட் கார்ப், முதலீட்டுப் போட்டி என்று புதுப்பெயர் பூண்டது. ஹார்வர்டிலும் 'திட்டம்' என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து இறங்கிற்று. ரைஸ் மட்டும் பழைய பெயரைக் கைவிடாமல் இருந்தது. ஆனால் பெயர் மாற்றத்தைக் காட்டிலும் பெரிய மாறுதல் பரிசின் தன்மையில் நேர்ந்தது. முன்பு பரிசு என்பது இனாம்; வாங்கியவர் அதைத் தம் தொழிலில் போடலாம், போடாமலும் இருக்கலாம். இப்போது பெரிய போட்டிகளில் அறிவிக்கப்படும் தொகையில் பெரும்பகுதி முதலீடு. அதாவது, கொடுக்கிறவர் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொண்டு கொடுக்கும் பணம். நடுவர் ஆசனத்தில் இருக்கிறவர் மார்க்குப் போடுகிற ஆசிரியராக இல்லாமல், தாம் வாங்கப்போகும் சரக்கைத் தட்டிப் பார்க்கிற வியாபாரியாகவே ஆகிவிட்டார். அதற்கேற்ப, மேடையில் ஏறுகிறவர்களும் முன்னமே கம்பெனி அமைத்து, காப்புரிமை பெற்று, முதல் வாடிக்கையாளரையும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வசந்த காலம் முழுவதும் ஊர் ஊராகப் போட்டிகளைச் சுற்றிப் பரிசு சேர்ப்பதையே ஒரு யாத்திரையாக நடத்துகிற குழுக்களும் உண்டு. திறமையில் அவர்கள் பழைய மாணவர்களைவிட உயர்ந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரைகுறையான ஒரு யோசனையோடு வந்து, நடுவரின் மூன்றாவது கேள்வியிலேயே அது தவிடுபொடியாகி, சிரித்துக்கொண்டே கீழிறங்கி மறுநாள் வகுப்புக்குப் போன மாணவருக்கு அந்த மேடையில் இப்போது இடமில்லை. ஒத்திகையில் தோற்பதற்குச் செலவில்லை என்பதற்காகத்தானே ஒத்திகையை ஏற்படுத்தினார்கள்? பரிசை ஏற்ற ஏற்ற, தோல்விக்கும் விலை ஏறிக்கொண்டே வந்துவிட்டது.

செலவின்றித் தோற்கும் அந்தச் சலுகை, வேடிக்கையாக, வேறோர் இடத்தில் வேறோர் உருவத்தில் தலைகாட்டுகிறது. பல கம்பெனிகளை நடத்தி ஓய்ந்த பின் ஆசிரியரான ஸ்டீவ் பிளாங்க், எந்தத் திட்டமும் முதல் வாடிக்கையாளரைச் சந்தித்த பிறகு எழுதியபடியே நிற்பதில்லை என்று வாதித்து, 2011இன் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஒரு வகுப்பு நடத்தினார். திட்டம் எழுதுவதற்குப் பதிலாக மாணவர்கள் தெருவில் இறங்கி, வாங்கக்கூடியவர்களை நேரில் கண்டு பேசி, கேட்டதை வாரந்தோறும் வகுப்பில் ஒப்பிக்க வேண்டும். சொன்னது பொய்யானால் அந்த வாரமே யோசனையை மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய விஞ்ஞான நிதியம் அதே ஆண்டில் இம்முறையைத் தன் ஆராய்ச்சியாளர்களுக்கென்று எடுத்துக்கொண்டு, குழு ஒன்றுக்கு 50,000 டாலர் கொடுத்து, சில வாரங்களுக்குள் நூறு பேரையாவது சந்தித்து வரும்படி அனுப்பலாயிற்று. அங்கே நடுவர் ஆசனம் இல்லை. முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசையும் இல்லை. கடைசி நாளில் ஒவ்வொரு குழுவும், தான் கேட்டறிந்ததைக் கொண்டு, இந்தத் தொழிலை மேற்கொண்டு நடத்துவதா கைவிடுவதா என்பதைச் சபையின்முன் சொல்ல வேண்டும். 'இது நடவாது' என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குத் திரும்புகிற குழுவும் தேறிய குழுவாகவே எண்ணப்படுகிறது.